ஹாப்பர் என்ற போர்க்கப்பல்: பாஸ்டன் முதல் பேர்ள் ஹார்பர் வரை

முதல் நாள் – சார்ல்ஸ்டவுன், பாஸ்டன்

யூஎஸ்எஸ் ஹாப்பர், அணியத்தில், அதாவது முன்முனையில், 70 என்ற எண் தாங்கிய நாசகாரிக் கப்பல். அதன் தாய்த்துறைமுகம் ஹவாயில் உள்ள பேர்ள் ஹார்பர். பெயருக்குரிய, கணினி நிரலாக்க முன்னோடியான ரியர் அட்மிரல் கிரேஸ் மரே ஹாப்பரோ வாழ்ந்ததும் உழைத்ததும் அமெரிக்காவின் கிழக்குக் கரையில். நேரே ஹவாய்க்குப் போனால் சாம்பல் நிறக் கப்பல் ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கிழக்குக் கரையில் தொடங்கினால், அந்தக் கப்பலுக்கு இந்தப் பெயர் ஏன் அவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

தொடங்க நல்ல இடம் சார்ல்ஸ்டவுன் கடற்படைத் தளம். யூஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் இங்கேதான் நிற்கிறது. 1797-ல் வெள்ளோட்டம் விடப்பட்ட இந்தப் பாய்மரப் போர்க்கப்பல் இன்றும் கடற்படைப் பட்டியலில் உள்ளது. 1986 ஆகஸ்ட் 14 அன்று இதன் மேல்தளத்தில்தான் ஹாப்பர் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 79. பணியில் இருந்த கடற்படை அதிகாரிகளில் அவரே மூத்தவர். கடற்படையின் மிகப் பழைய கப்பலில் அதன் மிக மூத்த அதிகாரிக்கு விடை கொடுத்தார்கள்.

அனுமதி இலவசம். பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். நமக்குக் கடவுச்சீட்டு போதும். தளத்திலிருந்து தளத்துக்கு இறங்கும் படிகள் ஏறக்குறைய ஏணிதான். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்னோக்கி இறங்குங்கள். முன்னோக்கி இறங்குபவர்கள்தான் தலையை விட்டத்தில் இடித்துக்கொள்கிறார்கள். பாஸ்டன் நகர மையத்திலிருந்து படகிலும் வரலாம், நார்த் ஸ்டேஷனில் இறங்கி நடந்தும் வரலாம்.

பலரும் கான்ஸ்டிடியூஷனோடு திரும்பிவிடுகிறார்கள். அதே தளத்தில் இருக்கும் கேசின் யங்கைத் தவறவிடக் கூடாது. இது இரண்டாம் உலகப்போர்க் கால ஃபிளெச்சர் வகை நாசகாரி. 376 அடி நீளம், ஐந்து 5 அங்குல பீரங்கிகள். கப்பலைச் செலுத்தும் மேடைக்கு மேலே பெட்டி போல நிற்பது குறிகாட்டி மேடை. இலக்கின் திசையும் தூரமும் அங்கிருந்து கப்பலின் அடிவயிற்றில் உள்ள கணிப்பறைக்குப் போகும். அங்கே பல்சக்கரங்களால் ஆன கணிப்பொறி நம் கப்பலின் வேகம், எதிரியின் வேகம், காற்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, பீரங்கி எந்தப் பக்கம், எவ்வளவு உயர வேண்டும் என்று சொல்லும்.

அந்தச் சக்கரங்களை எந்த அளவில் வெட்டுவது? குண்டு எவ்வளவு தூரம் போகும் என்ற அட்டவணை கையில் இருந்தால்தான் அதை முடிவு செய்ய முடியும். ஒவ்வொரு புதுப் பீரங்கிக்கும் ஓர் அட்டவணை வேண்டும். போர்க்காலத்தில் புதுப் பீரங்கிகள் வந்துகொண்டே இருந்தன; கையால் கணக்குப் போடுபவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கணிதப் பேராசிரியரான ஹாப்பரைக் கடற்படை சீருடை மாட்டி ஹார்வர்டுக்கு அனுப்பியதன் காரணம் இதுதான்.

இரண்டாம் நாள் – ஆல்ஸ்டன், ஹார்வர்டு

ஹாப்பர் வேலை பார்த்த கணிப்பொறியான ஹார்வர்டு மார்க் 1 இப்போது பழைய கேம்பிரிட்ஜ் வளாகத்தில் இல்லை. பழைய வழிகாட்டிகளை நம்பி சயின்ஸ் சென்டருக்குப் போய் ஏமாறாதீர்கள். 2021-ல் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆல்ஸ்டனில் உள்ள அறிவியல் பொறியியல் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பல்கலைக்கழகக் கட்டடம் என்பதால் வார நாளில், பகலில் போவதே நல்லது. முழு இயந்திரமும் இங்கே இல்லை. சில பகுதிகள் ஸ்மித்சோனியனுக்கும் ஐபிஎம்முக்கும் போயின.

1944-ல் இது 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறக்குறைய 5 டன் எடை. உள்ளே சுமார் 7,65,000 பாகங்கள், 500 மைல் கம்பி. முழு நீளத்துக்கும் ஒரே தண்டு ஓடியது. ஒரு மின்மோட்டார் அதைச் சுழற்றியது. தண்டு ஒரு சுற்று வர 0.3 விநாடி. ஒரு கூட்டல் முடிய ஆகும் நேரமும் அதேதான். பெருக்கலுக்கு 6 விநாடி, வகுத்தலுக்கு 15.3 விநாடி. நினைவகம் என்றால் 72 எண்ணிகள். ஒவ்வொன்றும் 23 இலக்கமும் ஒரு கூட்டல் கழித்தல் குறியும் பிடிக்கும். மாறிலிகளைக் கையால் திருகி வைக்க 60 வரிசைக் குமிழ்கள். அருகில் நின்று பார்த்தால் ஒவ்வொரு குமிழிலும் 0 முதல் 9 வரை எண்கள் தெரியும். ஒரு மாறிலி மாற வேண்டுமென்றால் ஒருவர் நின்றுகொண்டு இருபத்துநான்கு குமிழ்களைத் திருப்ப வேண்டும். ஒன்று தப்பினாலும் அன்றைய கணக்கு பாழ்.

கட்டளைகள் துளையிட்ட காகிதச் சுருளில் வரும். ஒரு வரியில் 24 துளையிடங்கள், எட்டு எட்டாக மூன்று பிரிவுகள்: எண்ணை எங்கிருந்து எடுப்பது, எங்கே சேர்ப்பது, என்ன செய்வது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய கணக்கு என்றால் சுருளின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். தவறான துளைக்குக் காகிதத் துண்டு ஒட்டுவார்கள். ஒட்டிய துண்டு பிய்ந்தால் பழைய தவறு திரும்பி வந்துவிடும். ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சின் தொடுமுனையில் தூசு படிந்தால் ஓர் இலக்கம் மட்டும் பிசகும், வெளியே தெரியாது. அதனால் ஒரே விடையை இரண்டு வழியில் கணக்கிட்டு ஒப்பிடுவதை நிரலிலேயே எழுதி வைத்தார்கள். வித்தியாசம் எல்லையைத் தாண்டினால் இயந்திரம் தானே நின்றுவிடும்.

ஹாப்பர் இங்கே வந்து சேர்ந்தது 1944 ஜூலை தொடக்கத்தில். வயது 37, கடற்படை கேட்ட குறைந்தபட்ச எடைக்கு 15 பவுண்டு குறைவு என்பதால் சிறப்பு அனுமதி பெற்றே சேர முடிந்தது. ஸ்மித் கல்லூரியில் நடந்த அதிகாரிப் பயிற்சியில் முதலிடம். இயந்திரத்தை உருவாக்கிய கமாண்டர் ஹோவர்ட் ஐக்கன் வந்த நாளே ஒரு கணக்கைக் கொடுத்து, அடுத்த வியாழனுக்குள் வேண்டும் என்றார். பின்னர் அவரே ஹாப்பரை இயந்திரத்துக்கான கையேட்டையும் எழுத வைத்தார். 1946-ல் வெளிவந்தது, 561 பக்கம். புதிதாக வருபவர் இந்த இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று விளக்கும் நூல் அதற்கு முன் இல்லை.

ஹாப்பர் என்றதும் எல்லோரும் சொல்வது கணினிக்குள் அந்துப்பூச்சி சிக்கிய பூச்சிக் கதையைத்தான். எங்கள் கணிப்பில் அந்தக் கையேட்டையே முதலில் சொல்ல வேண்டும். அவருடைய பிற்கால வேலை முழுவதும் அதிலிருந்து கிளைத்தது: இயந்திரம் தெரிந்த நாலு பேர் மட்டும் அதைக் கட்டிக்காக்கக் கூடாது, வேலை தெரிந்த எவரும் பயன்படுத்த முடிய வேண்டும்.

மூன்றாம் நாள் – பாத், மெய்ன் மாநிலம்

கப்பல் பிறந்த ஊர். பாஸ்டனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். ரயில் என்றால் டவுன்ஈஸ்டர், நார்த் ஸ்டேஷனிலிருந்து புறப்படும். அம்டிராக் என்றாலே சவுத் ஸ்டேஷன் என்று எண்ணி அங்கே போய் நிற்பவர்கள் உண்டு. கடைசி நிறுத்தம் பிரன்ஸ்விக்; அங்கிருந்து பாத் சாலை வழியே பத்து மைலுக்கும் குறைவு.

பாத் அயர்ன் வொர்க்ஸ் கப்பல்கட்டும் தளத்துக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது. கென்னபெக் ஆற்றங்கரையில் உள்ள மெய்ன் கடல்சார் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். பருவ காலத்தில் அவர்கள் நடத்தும் படகுப் பயணங்களில் தளத்தை ஆற்றிலிருந்து பார்க்கலாம். ஆற்றைக் கடக்கும் சகடஹாக் பாலத்தின் மறுகரையிலிருந்தும் தளம் நன்றாகத் தெரியும்.

ஹாப்பரின் கட்டுமானம் 1995 பிப்ரவரியில் தொடங்கி, 1996 ஜனவரி 6 அன்று வெள்ளோட்டம் நடந்தது. அட்மிரலின் தங்கை மேரி மரே வெஸ்ட்கோட் கப்பலுக்குப் பெயர் சூட்டினார். அந்தக் காலத்தில் கப்பலை மசகு பூசிய சாய்தளத்தில் சறுக்கி ஆற்றில் விட்டார்கள். அதில் ஓர் ஆபத்தான கட்டம் உண்டு. பின்புறம் முதலில் தண்ணீரில் மிதந்து மேலே எழும். அந்த நொடியில் கப்பலின் பாரம் மொத்தமாக அணியத்தின் கீழுள்ள தாங்கிகளில் விழும். தாங்கி நொறுங்கலாம், உடல் நெளியலாம். ஆற்றில் நீர்மட்டம் போதாவிட்டால் பின்புறம் மிதக்காமல் கீழே சாயும். அதனால் ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் கட்டையை விடுவிப்பார்கள். 2001-ல் சமதளக் கட்டுமான மேடையும் மிதக்கும் தளமும் வந்தபின் பாத்தில் சறுக்கி விடும் வழக்கம் நின்றுபோனது. இப்போது கப்பலை மிதக்கும் தளத்தின் மேல் நகர்த்தி, தளத்தை மூழ்கச் செய்து மிதக்கவிடுகிறார்கள்.

ஹாப்பர் சேர்ந்த ஆர்லி பர்க் வகையின் மேற்கட்டுமானம் எஃகால் ஆனது. 1975-ல் பெல்க்னாப் என்ற கப்பல் விமானந்தாங்கி ஒன்றோடு மோதித் தீப்பிடித்தபோது அதன் அலுமினிய மேற்கட்டுமானம் உருகிச் சரிந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு எடை கூடினாலும் பரவாயில்லை என்று எஃகுக்குத் திரும்பினார்கள்.

நான்காம் நாள் – ரயிலில், பாஸ்டன் முதல் வாஷிங்டன்

வடக்கேயிருந்து வரும் ரயில் நார்த் ஸ்டேஷனோடு நின்றுவிடும். தெற்கே போகும் ரயில்கள் சவுத் ஸ்டேஷனில். இரண்டுக்கும் இடையே தண்டவாளத் தொடர்பு கிடையாது. பெட்டிகளோடு இருப்பவர்களுக்கு எளிய வழி, நார்த் ஸ்டேஷனில் ஆரஞ்சு லைன் பிடித்து பேக் பே நிலையத்தில் இறங்குவது. வாஷிங்டன் ரயில்கள் அங்கேயும் நிற்கும்.

வழியில் நியூ ஹேவன். 1934-ல் ஹாப்பர் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே கால்ஹூன் என்றிருந்த உறைவிடக் கல்லூரிக்கு 2017-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

பிறகு பிலடெல்பியா. 1949-ல் ஹாப்பர் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்து யூனிவாக் கணினியில் வேலை பார்த்தது இந்த ஊரில். அப்போதைய நிரலாளர்கள் சைன், வர்க்கமூலம் போன்ற துணைநிரல்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஒருவருக்கொருவர் கடன் வாங்கிக் கையால் பிரதி எடுத்தார்கள். துணைநிரல் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி எழுதப்பட்டிருக்கும். புது நிரலில் 200-வது இடத்தில் அதைச் செருகினால் உள்ளே வரும் ஒவ்வொரு முகவரியோடும் 200 கூட்ட வேண்டும். கூட்டலில் பிசகுவார்கள், பிரதி எடுப்பதில் பி என்ற எழுத்து 13 ஆகிவிடும். கூட்டுவதும் பிரதி எடுப்பதும் இயந்திரம் நன்றாகச் செய்யும் வேலை, பிறகு ஏன் மனிதன் செய்ய வேண்டும் என்று ஹாப்பர் கேட்டார். துணைநிரல்களுக்கு எண் கொடுத்து காந்த நாடாவில் சேர்த்தார்; எண்களைச் சொன்னால் இயந்திரமே எடுத்து, முகவரி திருத்தி, கோத்துத் தரும். அதுதான் ஏ-0 கம்பைலர். 1952-ல் அது ஓடியபோதும், கணினி கணக்கு மட்டும்தான் போடும், நிரல் எழுதாது என்று சாதித்தவர்கள் இருந்தார்கள்.

ஐந்தாம் நாள் – வாஷிங்டன், ஆர்லிங்டன்

அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகம் இலவசம். ஃபெடரல் டிரையாங்கிள் மெட்ரோவில் இறங்கினால் பக்கம். ஹார்வர்டின் அடுத்த இயந்திரமான மார்க் 2-இன், 1947 செப்டம்பர் 9 தேதியிட்ட பதிவேடு இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. எஃப் பலகையின் 70-வது ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியை ஒட்டுநாடாவால் அதில் ஒட்டியிருக்கிறார்கள். பூச்சியைப் பிடித்தவர் ஹாப்பர் அல்ல, பதிவேட்டில் எழுதியவரும் அவர் அல்ல. அந்தக் குழுவில் இருந்தவர், கதையைப் பரப்பியவர். அவர் கூட்டங்களில் கையில் எடுத்துப் போன கம்பித் துண்டுகளின் கட்டும் இங்கே உண்டு. இரண்டுமே எப்போதும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. போகும் முன் அருங்காட்சியகத்தின் வலைதளத்தில் அந்தப் பொருளின் பக்கத்தைப் பாருங்கள்.

கம்பித் துண்டு ஒவ்வொன்றும் 11.8 அங்குலம், கிட்டத்தட்ட 30 செ.மீ. ஒளி ஒரு நானோ விநாடியில் போகும் தூரம் அது. செயற்கைக்கோள் வழியே செய்தி வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்ட அட்மிரல்களிடம், இங்கிருந்து அங்கே போக எத்தனை கம்பி வேண்டும் என்று எண்ணிக்கொள்ளச் சொல்வார். ஒரு மைக்ரோ விநாடிக்கு 984 அடி நீளக் கம்பிச் சுருள் ஒன்றையும் வைத்திருந்தார்.

பிற்பகல் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டம். புளூ லைன் மெட்ரோவில் அதே பெயரில் நிலையம். பகுதி 59, எண் 973. தோட்டம் பரந்தது, கல்லறை நிர்வாகத்தின் செயலியில் பெயரைக் கொடுத்தால் நடக்கும் வழி காட்டும். பெய்ரூட்டில் 1983-ல் இறந்த படையினருக்காக நட்ட லெபனான் தேவதாரு மரம் இதே பகுதியில் இருக்கிறது. அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நிழல் குறைவு, கையில் தண்ணீர் வேண்டும்.

பக்கத்தில்தான் பென்டகன். 1959 மே மாதக் கடைசியில் அங்கே கூடிய கூட்டத்தில் கோபால் (COBOL) என்ற கணினி நிரல் மொழிக்கு வித்திட்டார்கள். ஹாப்பர் ஆலோசகர், அவருடைய ஃப்ளோமேட்டிக் மொழிதான் கோபாலுக்குப் பெரிய முன்மாதிரி. சென்னையில் வங்கி, காப்பீட்டு மெயின்ஃபிரேம்களில் வேலை பார்த்த எத்தனையோ பேரின் சோற்றில் இந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டு.

இதற்குப் பின் நடந்ததை அதிகம் பேர் எழுதுவதில்லை. 1966 கடைசியில் வயது வரம்பால் ஹாப்பரைக் கடற்படை ஓய்வில் அனுப்பியது. 1967 ஆகஸ்டில் ஆறு மாதத்துக்கு என்று திரும்ப அழைத்தது. அது பத்தொன்பது ஆண்டுகள் நீண்டது. அழைத்த காரணம் மிக எளியது. கோபால் பொது மொழி என்று பெயர்தான். ஒவ்வொரு உற்பத்தியாளரும் சொந்தமாகச் சில கட்டளைகளைச் சேர்த்தார்கள், சிலவற்றை விட்டார்கள். ஒரு கணினியில் ஓடிய சம்பளப் பட்டியல் நிரல் இன்னொன்றில் ஓடவில்லை. பழைய கணினியை மாற்றினால் நிரல்களை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. ஹாப்பரின் குழு இதற்குச் சோதனை நிரல்களை எழுதியது. மொழியின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு சோதனை. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தேறியதா இல்லையா என்று அச்சாகி வரும். உற்பத்தியாளரின் வாக்குறுதியை நம்பாமல், அளந்து பார்த்து வாங்கும் வழக்கம் இப்படித்தான் வந்தது. பூச்சிக் கதையை விட இதற்கே ஒரு கப்பலுக்குப் பெயர் வைக்கலாம்.

ஆறாம் நாள் – அனாபொலிஸ்

வாஷிங்டனுக்குக் கிழக்கே சுமார் 30 மைல். கடற்படை அகாதெமிக்குள் பார்வையாளர் மையம் வழியாகவே போக வேண்டும், கடவுச்சீட்டு கட்டாயம். 2020-ல் திறந்த ஹாப்பர் ஹால் இணையப் பாதுகாப்புக் கல்விக்கானது. தரைப்படை, கடற்படை, விமானப்படை அகாதெமிகள் மூன்றிலும் ஒரு பெண்ணின் பெயரில் அமைந்த முதல் பெரிய கட்டடம். உள்ளே விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்க்கக் கால்மணி நேரம் போதும்.

ஏழாம் நாள் – பேர்ள் ஹார்பர்

கப்பல் 1997 செப்டம்பர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பணியில் சேர்ந்தது. கடற்படையில் பணியாற்றிய ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய இரண்டாவது அமெரிக்கப் போர்க்கப்பல் இது. முதலாவது, செவிலியர் படைத் தலைவி லீனா ஹிக்பீயின் பெயரில் 1945-ல் வந்தது.

படைத்தளத்துக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 1941 தாக்குதலில் மூழ்கிய அரிசோனா கப்பலின் நினைவிடத்துக்குப் போகும் படகும், அருங்காட்சியகமாக நிற்கும் மிசூரி கப்பலின் மேல்தளமுமே பார்க்க வசதியான இடங்கள். படகுக்கு இணையத்தில் முன்பதிவு எட்டு வாரத்துக்கு முன்பும், மீதி இடங்கள் முந்தைய நாளும் திறக்கும். இரண்டுமே ஹவாய் நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு. கைப்பைகூட உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் கட்டணக் காப்பறை உண்டு. இரட்டைக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்கள், பையில் வைத்தால் காப்பறையில் தங்கிவிடும்.

துறையில் நிற்கும் நாசகாரிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். முதலில் பின்புறத்தைப் பாருங்கள். ஹெலிகாப்டர் கொட்டகையின் இரண்டு கதவுகள் தெரிந்தால் அது பிந்தைய வகை, ஹாப்பர் அல்ல. ஹாப்பர் முதல் தொகுதியைச் சேர்ந்தது. 505 அடி நீளம், இறங்குதளம் மட்டும் உண்டு, கொட்டகை இல்லை. அதற்குப் பிறகு அணியத்தில் 70 என்ற எண்ணைத் தேடலாம்.

முன்னே ஒரு 5 அங்குல பீரங்கி. கேசின் யங்கில் ஐந்து இருந்த இடத்தில் இங்கே ஒன்றுதான். மீதி வேலை ஏவுகணைகளுடையது. அவை தளத்துக்கு அடியில் செங்குத்து அறைகளில் இருக்கின்றன. வெளியே சதுர மூடிகள் மட்டும் தெரியும். முன்னே 29, பின்னே 61, மொத்தம் 90. இந்த ஒற்றைப்படை எண்களுக்குக் காரணம் உண்டு: 32-லும் 64-லும் மும்மூன்று அறைகளின் இடத்தை, கடலில் ஏவுகணை ஏற்றுவதற்கான பாரந்தூக்கி எடுத்துக்கொண்டது. நடைமுறையில் கனமான ஏவுகணைகளை அலையில் ஆடும் கப்பலில் அந்தத் தூக்கியால் ஏற்றுவது சரிப்படவில்லை. பிந்தைய கப்பல்களில் அதை விட்டுவிட்டு 96 அறைகளாக்கினார்கள்.

இயக்கம் நான்கு எல்எம்2500 கேஸ் டர்பைன்கள், இரண்டு தண்டுகள், சுமார் 1,00,000 குதிரைத்திறன், மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் வேகம். எரிபொருளை மிச்சப்படுத்த ஒரே ஒரு டர்பைனில் ஒரு தண்டை மட்டும் சுழற்றி, மற்றதைத் தண்ணீரின் போக்கில் விட்டுவிடுவதும் உண்டு.

மேற்கட்டுமானத்தின் நான்கு முகங்களிலும் பதித்திருக்கும் எண்கோணப் பலகைகளைக் கவனியுங்கள். அவைதான் ஸ்பை-1டி ரேடார். சுழலும் அலைவாங்கி இல்லை. கற்றையின் திசையைக் கணினி மின்னணு முறையில் திருப்புகிறது. தூரம் அளப்பது அட்மிரலின் கம்பிக் கணக்கேதான். அலை போய்த் திரும்பும் நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி என்றால் இலக்கு 150 மீட்டர் தொலைவில். ஆயிரம் மைக்ரோ விநாடி என்றால் 150 கி.மீ. நேரக் கணக்கில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 150 மீட்டர் பிசகிவிடும்.

2009 ஜூலை 30 அன்று கவாயி தீவின் ஏவுதளத்திலிருந்து ஒரு சோதனை ஏவுகணையை அனுப்பினார்கள். ஹாப்பர் அதைக் கண்டுபிடித்து, எஸ்எம்-3 ஏவுகணையால் காற்று மண்டலத்துக்கு வெளியே நேரே மோதி உடைத்தது. வெடிமருந்தே இல்லாத, மோதலின் வேகத்தை மட்டும் நம்பிய தாக்குதல். 2008 ஜனவரியில் ஹார்முஸ் நீரிணையில் ஈரானின் விரைவுப் படகுகள் நெருங்கிய மூன்று அமெரிக்கக் கப்பல்களில் ஹாப்பரும் ஒன்று.

கப்பல் கடலில் இருக்கும் மாதங்கள் அதிகம். பயணத்தை முடிவு செய்யும் முன் கடற்படை வெளியிடும் படங்களின் தேதியையும் இடத்தையும் பாருங்கள். ஒரு கப்பல் நீண்ட பணிக்குப் புறப்பட்டாலும் ஊர் திரும்பினாலும் படம் வந்துவிடும். மிசூரிக்குப் போகும் பேருந்து படைத்தளப் பகுதியைக் கடக்கும்போது படம் எடுப்பது பற்றி ஓட்டுநர் சொல்வதை மதியுங்கள். மிசூரியின் மேல்தளத்துக்குப் போனபின், எதிர்க்கரையில் நிற்கும் நாசகாரிகளை அங்கிருந்து நிதானமாகப் பார்க்கலாம்.